கல்லறைக் கல்லில் ஒரு பொய்ப் பெயர்

நம் ஊருக்கு வருகிறவர்களை ஏமாற்றுவது சுலபம். அவர்கள் பார்க்க வருகிற எதுவும் இங்கே திறந்திருப்பதில்லை. தங்கச் சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆட்கள் கீழே இறங்கிய ஷாஃப்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, கேட்டில் பூட்டு தொங்குகிறது. பெங்களூரிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்து அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரிடம் போய், “வாங்க சார், நான் உள்ள இட்டுகினு போறேன்” என்று சொல்ல ஒரு ஆள் போதும். மீதியை வந்தவரின் ஆசையே பார்த்துக்கொள்ளும்.

ஸ்டாண்டில் புதிதாக வண்டி போட்டிருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் இந்த ஊரில் வாடகைக் கார் ஓட்டினேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போன வருஷம் நிறுத்திவிட்டேன். சென்ற வாரம் டீக்கடையில் உங்களில் ஒருவர், “மணி அண்ணா, டூரிஸ்டுங்கள எப்படியெல்லாம் ஏமாத்துவாங்க, சொல்லுங்களேன்” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே பதில் சொல்லாமல் எழுந்து வந்ததற்குக் காரணம் அதுதான்.

சில்லறை மோசடிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘அண்டர்கிரவுண்ட் பாஸ்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திய சீட்டு விற்பார்கள். அப்படி ஒரு பாஸே கிடையாது. மினுமினுக்கும் கல் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டு, தாத்தா டிபன் கேரியரில் ஒளித்து வெளியே கொண்டுவந்த தங்கக்கல் என்பார்கள். தங்கமிருக்கிற கல் பெரும்பாலும் மின்னுவதே இல்லை என்று சுரங்கத்தில் வேலை செய்த என் அப்பா சொல்லியிருக்கிறார். சுரங்கக் கழிவு கொட்டிக் குவித்த சயனைடு மேட்டில் நின்று போட்டோ எடுத்தால், காக்கிப் பேன்ட் போட்ட ஒருவன் வந்து அபராதம் கேட்பான். அடையாள அட்டை கேளுங்கள், ரசீது கேளுங்கள், “ஸ்டேஷனுக்கே போய் கட்றோம், நீங்களும் வண்டியில ஏறுங்க” என்று கதவைத் திறந்து பிடியுங்கள். ஆள் இருக்க மாட்டான். சவாரி ஏறி உட்கார்ந்ததும் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள். சுரங்கப் பக்கம் ஊரிகம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

நான் சொல்ல வந்தது வேறு ஒன்று. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் காதோரம் சுடுகிறது.

ஒருவன் இருந்தான். அவன் பெயர் வேறு, இங்கே பிரபு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கும் அட்டை, நல்ல இங்கிலீஷ். அந்த அட்டையை அவனே அச்சடித்துக்கொண்டது எங்களுக்கெல்லாம் தெரியும். அவனுடைய தொழில் கல்லறை. வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் இந்த ஊரில் வேலை செய்து இங்கேயே செத்திருக்கிறார்கள் அல்லவா? அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் இன்று எந்தெந்தத் தேசத்திலோ உட்கார்ந்துகொண்டு இன்டர்நெட்டில் தேடுவார்கள். ‘உங்கள் முன்னோரின் கல்லறையைக் கண்டுபிடித்துத் தருகிறேன்’ என்று பிரபு அங்கே விளம்பரம் போட்டிருந்தான். பெயரை எழுதி அனுப்பினால், பத்து நாளில் அந்தப் பெயரோடு ஒரு கல்லின் போட்டோ போய்ச் சேரும். சுத்தம் செய்யப் பணம், சிலுவை நடப் பணம், வருஷா வருஷம் பராமரிப்புக்குப் பணம். அவர்கள் நேரில் வந்தால் காருக்கு என்னைக் கூப்பிடுவான். எனக்கும் ஒரு பங்கு வரும். வாங்கினேன், மறைக்கவில்லை.

முதலில் வந்தது இங்கிலாந்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர். இருவருக்கும் அறுபதுக்கு மேல். தாத்தாவின் கல்லறையைப் பார்க்க வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் கடைசி மூலையில், ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் பிரபு அவர்களை நிறுத்தினான். இறக்கை உடைந்த சின்னத் தேவதைச் சிலை ஒன்று, அதன் கீழே வெள்ளையடித்த கல், கல்லில் கறுப்பு எழுத்தில் பெயர். பெரியவர் தொப்பியைக் கழற்றினார். இளையவர் மண்டியிட்டார். நான் தள்ளி நின்று பார்த்தேன். என் கண்ணில் இரண்டு விஷயம் பட்டது. பிரபுவின் கட்டைவிரல் நகத்தில் கறுப்புப் பெயிண்ட். அப்புறம் அந்தக் கல்லறையின் நீளம். பாதத்தோடு பாதம் வைத்து அளந்தால் நாலு அடியில் முடிந்துவிடும். வளர்ந்த ஒரு ஆளை அதற்குள் எப்படிப் படுக்க வைத்திருப்பார்கள்?

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மூத்த டிரைவர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: “பின்சீட்ல நடக்கிறது உன் சமாச்சாரம் இல்ல. ரோட்டப் பாரு.” நல்ல மனிதர், தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது தப்பு என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் நிம்மதியாகப் போகிறார்கள், நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பெங்களூர் விமான நிலையம் வரை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த வருஷம் பிரபு மறுபடி கூப்பிட்டான். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு அம்மா, பெயர் ரோஸ்மேரி. கூட வந்த மகனுக்கு வயிறு சரியில்லை என்று பெங்களூர் ஓட்டலிலேயே படுத்துவிட்டார். அந்த அம்மா மட்டும் வண்டியில் ஏறினார். எழுபதைத் தாண்டிய வயது, கையில் ஊன்றுகோல், மடியில் வெள்ளை ரோஜாக் கொத்து. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் குட்மார்னிங் சொன்னேன்.

ஹோஸ்கோட்டை தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏசியக் கம்மி பண்ணு மேன். காலெல்லாம் வெறச்சுப் போச்சு.”

நான் கண்ணாடியில் பார்த்தேன்.

“இன்னா பாக்குற? நான் ஊரிகத்துல பொறந்தவ. ஒம்போது வயசு வரைக்கும் சுரங்கக் கூலிக்காரங்க லைன் வீட்டுப் பசங்ககூடத்தான் ஆடினேன். தமிழ் மறக்குமா?”

அதற்குப் பிறகு வழியெல்லாம் பேச்சுதான். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பாஸ், ஒரு ஷிப்டு ஆட்களுக்கு மேற்பார்வை. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர், ராக் பர்ஸ்ட் ஆகிப் பாறை சரிந்து கீழேயே போய்விட்டார். பிள்ளைகளுக்கு உடம்பைக் காட்டவில்லை, அடக்கத்துக்கும் கூட்டிப் போகவில்லை. அவருடைய அம்மா பிள்ளைகளோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் போய், அங்கிருந்து கப்பலேறிவிட்டார். “எங்க அம்மா சாகிற வரைக்கும் இந்த ஊர் பேர எடுக்கவிடல. அப்பா எங்கன்னு கேட்டா எழுந்து உள்ள போயிடுவா. இப்பத்தான் இந்த பிரபு போட்டோ அனுப்பினான். அப்பா பேர் அப்படியே கீது. ஒரு எழுத்து தப்பில்ல” என்று போனை நீட்டிக் காட்டினார்.

பங்காருபேட்டை லெவல் கிராசிங்கில் வண்டி நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையடித்த கல். கறுப்பு எழுத்து. மேலே, இறக்கை உடைந்த தேவதை.

கேட் திறந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகும் நான் வண்டியை எடுக்காமல் இருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தம்பிகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சொல்வதற்குச் சரியான நேரம் அதுதான். வண்டிக்குள் இரண்டே பேர், அந்த அம்மா இன்னும் எதற்கும் மண்டியிடவில்லை. நானோ, ஒருவேளை இந்த முறை நிஜமாக இருக்குமோ, இறக்கை உடைந்த தேவதை இன்னொன்றும் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அது யோசனை இல்லை, பயம். பிரபுவைப் பகைத்தால் அவன் தருகிற சவாரியும் பங்கும் போகும் என்கிற பயம்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பிரபு தலையைக் குனிந்துகொண்டு நின்றான், சாவு வீட்டுக்காரன் மாதிரி. ஊன்றுகோலோடு தடுமாறிய அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். அதே மூலை. அதே யூகலிப்டஸ். அதே நாலடி.

ரோஸ்மேரி அம்மா கோலைக் கீழே போட்டுவிட்டு, தேவதையின் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டார். கல்லைத் தடவினார். “டாடி” என்றார். பிறகு இங்கிலீஷும் தமிழுமாக என்னென்னவோ சொல்லி அழுதார். “அம்மா மேல கோபப்படாத, அவளால முடியல, அதான் உன்ன விட்டுட்டு வந்துட்டா” என்று மட்டும் எனக்கு விளங்கியது. ஒன்பது வயதுப் பிள்ளை அழுவதைப் போலத் தோள் குலுங்க அழுதார். ரொம்ப நேரம். பிரபு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தான்.

அந்தக் கண்ணடிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. என்னையும் அவன் தன் ஆளாகக் கணக்கில் வைத்திருக்கிறான். அவன் வைத்ததில் தப்பும் இல்லை.

அழுகை அடங்கி அந்த அம்மா எழுந்ததும், கல்லறைக் கமிட்டி சுவர் கட்டுகிறது, பணம் கொடுத்தால் உங்கள் அப்பா பெயரில் ஒரு கல் வைக்கலாம் என்று அவன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். அவர் கைப்பையைத் திறந்தார்.

“அம்மா, கொஞ்சம் இருங்க” என்றேன். “இது உங்க அப்பா கல்லறை இல்லம்மா.”

பிரபு சிரித்தான். “அண்ணா, வெயில்ல நின்னு தலை சுத்துதா? போய் வண்டியில உக்காருங்க.”

“போன வருஷம் இதே கல்ல வேற ரெண்டு பேருக்குக் காட்டினியே. வேற பேர் எழுதி.”

அவன் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னான்: “நாளைலேருந்து ஸ்டாண்டுல வண்டி போடணுமா வேணாமா?”

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய அடி அந்த அம்மாவிடமிருந்து வந்தது. முகமெல்லாம் சிவந்து, “நீ யாரு மேன் அதச் சொல்றதுக்கு?” என்று கத்தினார். “அறுபது வருஷம் கழிச்சு எங்கப்பாவப் பார்க்க வந்திருக்கேன். உனக்கு இன்னா தெரியும்? போ அப்பால!”

இதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஏமாறுகிறவர் முதலில் கோபப்படுவது நம் மேல்தான். அந்த நேரத்தில் ரோஷப்பட்டு வண்டிக்குத் திரும்பிவிட்டால் ஏமாற்றுகிறவன் ஜெயித்தான். வாதாடியும் பிரயோஜனம் இல்லை. கண்ணால் பார்க்கிற மாதிரி எதையாவது காட்ட வேண்டும்.

டிக்கியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தேன். பிரபு என் கையைப் பிடித்தான், உதறினேன். பெயர் எழுதியிருந்த இடத்தில் ஓரமாக நெம்பினேன். வெள்ளைப் பெயிண்ட் ஓடு மாதிரி பெயர்ந்தது. அடியில் சுவருக்குப் பூசுகிற பட்டி. அதையும் சுரண்டினேன். கல்லில் ஆழமாக வெட்டிய எழுத்து ஒன்று தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. பழைய எழுத்துக் குழிகளையெல்லாம் பட்டி போட்டு அடைத்து, மேலே வெள்ளையடித்து, அதன் மேல் வேண்டிய பெயரை எழுதியிருந்தான்.

ரோஸ்மேரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். “டெய்சி.” அதற்குக் கீழே நான் இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். “வயசு... ரெண்டு.”

அவர் நிமிர்ந்து அந்தக் கல்லறையின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஒரு முறை பார்த்தார். அதன் நீளத்தை அப்போதுதான் பார்த்தார்.

“குழந்தை” என்றார். “இது ஒரு குழந்தை.”

பிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த அம்மா ஊன்றுகோலைக் கேட்டு வாங்கினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அவனும் அப்படித்தான் நினைத்து இரண்டடி பின்னால் போனான். அவர் கோலால் வாசலைக் காட்டினார், அவ்வளவுதான். அவன் போய்விட்டான்.

பிறகு என்னைப் பார்த்து, “அதக் குடு” என்று ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு, மறுபடி மண்டியிட்டு அவரே சுரண்ட ஆரம்பித்தார். நான் தண்ணீர் பாட்டிலும் பழைய துணியும் கொண்டுவந்து துடைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அந்தக் குழந்தையின் முழுப் பெயரும் வெளியே வந்தது. அதற்கென்று பெற்றவர்கள் வெட்டிவைத்த இரண்டு வரியும் வந்தது. எத்தனை பேருக்காக எத்தனை தடவை அந்தப் பெயரை அடைத்தானோ! உயிரோடு இருப்பவர்களை ஏமாற்றுகிறவனைக்கூடப் புரிந்துகொள்ளலாம். செத்துப்போன ரெண்டு வயதுப் பிள்ளையின் பெயரை அழித்துப் பிழைக்கிறவனை என்னவென்று சொல்வது? அவனுக்கு வண்டி ஓட்டிப் பங்கு வாங்கிய என்னைத்தான் என்னவென்று சொல்வது?

சுரண்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அண்ணன் தம்பி விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை. “அவங்க நம்பர் கீதா?” என்றார். இருந்தது. “அப்ப சொல்லிடு. நான் எழுதித் தரேன்.”

அதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை அந்த இருவருக்கும் அனுப்பினேன். பெரியவரிடமிருந்து பதிலே வரவில்லை. இளையவர் நான்கு நாள் கழித்து எழுதினார். என் மகளை வாசித்துச் சொல்லச் சொன்னேன். கல்லறை சின்னதாக இருந்ததை அன்றைக்கே கவனித்தாராம். அண்ணன் மனம் உடைந்துபோகும் என்று சொல்லவில்லையாம். அண்ணனும் கவனித்தார் என்பது இப்போது என் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்ததாம், அவரும் தம்பிக்காக வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷமாக ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அந்த நாலடி ஞாபகம் வந்திருக்கிறது. நிம்மதியாகப் போகிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டேனே, அந்த நிம்மதி இதுதான்.

பிரபுவையும் சொல்லிவிடுகிறேன். ரோஸ்மேரி அம்மா போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனார். அதற்காக விமானத்தை இரண்டு நாள் தள்ளிப் போட்டார். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவனைப் பிடித்தார்கள், விட்டார்கள். இப்போது வேறு பெயரில், வேறு ஊர்க் கல்லறைகளை வைத்து அதே விளம்பரம் ஓடுகிறது என்று கேள்வி. எனக்கு ஸ்டாண்டில் ஒரு மாதம் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டி போட முடியாமல் யாரும் என்னைத் தடுக்கவில்லை. இத்தனை நாள் அதற்கா பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானத்துக்கு வருகிறேன். கல்லைச் சுத்தம் செய்து முடித்ததும், “அப்பாவக் கண்டுபிடிக்க வேற வழி இல்லையா மணி?” என்று கேட்டார் அந்த அம்மா. சர்ச் ஆபீஸுக்குக் கூட்டிப் போனேன். அங்கே எஸ்தர் என்று ஒரு பெண் வேலை பார்க்கிறார். அப்பா பெயர், செத்த வருஷம், இரண்டும் கேட்டார். பீரோவிலிருந்து பெரிய பதிவேடு ஒன்றை எடுத்து, பூச்சி அரித்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இருபது நிமிஷம் இருக்கும்.

“இதோ இருக்காரும்மா” என்றார்.

பெயர், வேலை, வயது, அடக்கம் செய்த பாதிரியார், வரிசை, எண் எல்லாம் இருந்தது. ரோஸ்மேரி அம்மா, “எவ்ளோ குடுக்கணும்?” என்று பையைத் தொட்டார். எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. “இதுக்கு யாராவது காசு வாங்குவாங்களாம்மா? ஒரு போன் பண்ணியிருந்தா நானே பார்த்துச் சொல்லியிருப்பேன்.”

இருபது நிமிஷம். ஒரு போன். இதை எழுதி உங்கள் டேஷ்போர்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கல்லறை தேடி வருகிற யாரையும் முதலில் பதிவேடு இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். போட்டோவில் இருக்கிற கல்லுக்கு அப்புறம் போகலாம்.

எஸ்தரும் கூட வந்தார். வரிசையை எண்ணிக்கொண்டு லண்டானா புதருக்குள் வழி பண்ணிப் போனோம். அந்த எண்ணில் கல் இல்லை, சிலுவை இல்லை. சுற்றிலும் செங்கல் வைத்த அடையாளம் மட்டும் ஆறடிக்கு இருந்தது. நடுவில் வெறும் செம்மண்.

“இதாம்மா” என்றார் எஸ்தர்.

ரோஸ்மேரி அம்மா அங்கே நின்றார். மடியில் வைத்துக் கொண்டுவந்த ரோஜாவைக் காலையிலேயே அந்தக் குழந்தையிடம் வைத்துவிட்டார், கையில் ஒன்றும் இல்லை. நானும் எஸ்தரும் நகர்ந்து நின்றோம். அவர் அழுவார், தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தார். குனிந்து ஒரு செங்கல்லை நேராக்கி வைத்தார். பிறகு திரும்பி நடந்து வந்தார். முகம் காய்ந்திருந்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

“எனக்கு அழுகையே வரல மணி. ஒம்போது வயசுலேருந்து அத அப்பாவுக்குன்னு வெச்சிருந்தேன். அத்தனையும் காலைல அந்தக் கல்லுகிட்டயே போயிடுச்சு.”

சிலுவைக்கென்று அவர் முன்பே பிரபுவுக்கு அனுப்பிய பணத்தில் பாதியைப் போலீஸார் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அழுகையை யார் வாங்கிக் கொடுப்பார்கள்?